கர்னல் உரக்கச் சொன்ன பெயர்

அந்த ஜூலை மாதம் கில்ப்ரே தொகுதியில் வெட்டிய புல்லை அள்ளாமல் வயலிலேயே போட்டுவிட்டு ஜனங்கள் தேர்தல் மேடைக்கு வந்தார்கள். கில்பர்ட் ஹாடோ மந்திரியாகியிருந்தார். மந்திரி பதவி ஏற்றவர் சட்டசபையில் தன் இடத்தைத் துறந்து மறுபடியும் வாக்காளர் முன் வந்து நிற்கவேண்டும் என்பது சட்டம். வழக்கமாக எதிர்த்து யாரும் நிற்பதில்லை. இந்த முறை ஆர்ச்சி டலக் நின்றார்.

ஹாடோவுக்காகத் தேர்தல்தோறும் சேற்றிலும் பனியிலும் வண்டி ஓட்டியவர் இதே ஆர்ச்சிதான். ஆனால் ஹாடோ இப்போது சேர்ந்திருப்பது பழமைவாதக் கட்சிக்காரர்களான டோரிகளின் மந்திரிசபையில். பல வருஷங்களுக்கு முன், அரசாங்கத்தை எதிர்த்துக் கலகம் நடந்த வருஷம், டோரிக்காரரான கர்னல் ஃபேர்பர்ன் படையோடு வந்து ஆர்ச்சியின் தம்பி ராபர்ட்டைப் பிடித்துக்கொண்டு போனார். அந்தக் குளிர்காலத்திலேயே ராபர்ட் சிறையில் காய்ச்சல் கண்டு இறந்தான். அப்போது அவன் தலை கிடந்தது, அதே அறையில் அடைபட்டிருந்த ஹாடோவின் மடியில். இந்த ஊரில் சீர்திருத்தக் கட்சி என்று ஒன்று உண்டானதே அந்தச் சாவிலிருந்துதான்.

மேடையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

"உனக்கு வெக்கமா இல்லையா, கில்பர்ட்?" என்றார் ஆர்ச்சி, முகத்தைத் திருப்பாமல்.

"இருக்கு. அதோடதான் வந்து உக்காந்திருக்கேன்."

"நாம கட்சி ஆரம்பிச்சது இதுக்கா?"

"மந்திரிசபை மேல மந்திரிசபையா கவுந்துகிட்டே இருக்கு, ஆர்ச்சி. நாம ஏறினா டோரிக்காரன் இறக்குறான், அவன் ஏறினா நாம இறக்குறோம். ஒரு சட்டம் போட முடியல. நாடுன்னு ஒண்ணு உருவாகணும்னா ரெண்டு பேரும் சேந்துதான் ஆகணும்."

"அதுக்கு ராபர்ட்ட வித்துட்ட."

ஹாடோ தொப்பியை இன்னும் கீழே இறக்கிக்கொண்டார்.

ஆர்ச்சியின் ஆட்கள் போட்ட கணக்கு எளிமையானது. வாக்காளர் மேடைக்கு முன்னால் வந்து ஊரே கேட்கத் தன் வேட்பாளரின் பெயரைச் சொல்லவேண்டும். எந்த டோரியாவது ஹாடோவின் பெயரைத் தன் வாயால் சொல்வானா? நாக்கு அழுகிவிடாதா? அவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். சீர்திருத்தக்காரர்களில் பாதிக்கு மேல் ஆர்ச்சி பக்கம். முதல் நாள் முழுக்க அப்படித்தான் நடந்தது. ஆர்ச்சி முன்னால் இருந்தார்.

இரண்டாம் நாள் மதியம் கூட்டம் தானாகவே விலகியது. கர்னல் ஃபேர்பர்ன் வந்துகொண்டிருந்தார். கிழடு தட்டிப்போயிருந்தார். பின்னால் அவருடைய ஆட்கள், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுகளில், சிரிப்பில்லாமல்.

"என்ன கர்னல், வழி தவறிட்டீங்களா? தேவாலயம் அந்தப் பக்கம்" என்று கொல்லன் டகல் கத்தினான். சிலர் சிரித்தார்கள்.

கர்னல் படியருகே நின்றார். எழுத்தர் பேனாவைத் தூக்கியபடி பார்த்தார்.

"யாருக்கு, ஐயா?"

கர்னல் மேடையை நிமிர்ந்து பார்த்தார். "ஹாடோ" என்றார். பிறகு, பின்வரிசைக்கும் கேட்கவேண்டும் என்பதுபோல, உரக்க: "கில்பர்ட் ஹாடோ."

எங்கோ ஒரு குதிரை செருமியது மட்டும் கேட்டது. வாக்குத் தந்தவரை வேட்பாளர் பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறுவது மரபு. குடிகாரனுக்கும் கூறுவார்கள். இந்த மனிதருக்கு எப்படிக் கூறுவது? ஆர்ச்சி முதல் முறையாகத் திரும்பி நண்பரைப் பார்த்தார். ஹாடோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சொல்லாதே என்று ஆர்ச்சியின் மனம் கெஞ்சியது.

ஹாடோ எழுந்தார். மேடையிலிருந்தபடியே சொல்லியிருக்கலாம். அவர் படியிறங்கிப் போய்த் தொப்பியைக் கழற்றினார்.

"நன்றி, கர்னல் ஃபேர்பர்ன்" என்று கையை நீட்டினார்.

கர்னல் அந்தக் கையைப் பற்றினார். இருவரும் உடனே விடவில்லை. தொப்பிகளை யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஆனாலும் கூட்டத்தில் ஒவ்வொன்றாக இறங்கின. டகல்கூடக் கழற்றினான். ஆர்ச்சிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷ வெறுப்பு இரண்டு கிழவர்களின் உள்ளங்கைகளுக்கு நடுவில் நிற்பதை அவர் கண்ணால் பார்த்தார். அது தீர்ந்துபோகவில்லை. அதைச் சுமந்துகொண்டேதான் அவர்கள் கைகொடுத்தார்கள். அதுதான் அவரைக் கலக்கியது.

கர்னலின் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அதே பெயரைச் சொன்னார்கள். மாலைக்குள் ஆர்ச்சி தோற்றுப்போனார்.

கடைசியில் எழுத்தர், "உங்க வாக்கு இன்னும் பாக்கி இருக்கே, மிஸ்டர் டலக்" என்றார். மரியாதைக்கு எதிராளியின் பெயரைச் சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"டலக்" என்றார் அவர், கோபமில்லாமல். "கில்பர்ட் செஞ்சது பெரிய காரியமா இருக்கலாம். ஆனா எதிர்ப் பக்கம் ஒருத்தனாவது நின்னே ஆகணும்."

கூட்டம் கலைந்தபின் இருவரும் மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தணிந்து புல் வாசம் வந்தது.

"அவன் கை எப்படி இருந்துச்சு?" என்று கடைசியில் ஆர்ச்சி கேட்டார்.

"வயசான கை. நடுங்கிச்சு."

"அவன் கையா? உன் கையா?"

ஹாடோ தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"தெரியல, ஆர்ச்சி" என்றார்.