சுவரில் இருப்பவளுக்கு அறுபது சொற்கள்

1

இது கதையாக இருக்க வேண்டியதே அல்ல. ஒரு விளக்கப் பலகையாக இருக்க வேண்டியது. அறுபது சொற்கள், ஒரு சுவரோவியத்தை மூடிய கண்ணாடிக்கு வலப்பக்கம், நிற்பவரின் கண்மட்டத்தில். பினாங்கில் பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் ஓர் அறக்கட்டளையில் நான் தொடர்பு அதிகாரி. கட்டடத்தைக் காப்பாற்றுவது மற்றவர்கள் வேலை. காப்பாற்றியாகிவிட்டது என்று ஊருக்குச் சொல்வது என் வேலை. செய்திக் குறிப்பு, நன்கொடையாளருக்கு நன்றி மடல், வெள்ளிக்கிழமைதோறும் முகநூலில் ஒரு பழைய ஜன்னல், எல்லாம் நான்தான்.

பலகைக்கு எழுத உட்கார்ந்தேன். விஷயம் அறுபது சொல்லில் அடங்கவில்லை. மிஞ்சியதெல்லாம் இங்கே வந்து விழுந்திருக்கிறது. ஆகவே, வாசகரே, நீங்கள் படிப்பது அளவு மீறிப்போன ஒரு பலகை. நின்றுகொண்டே படிக்க வேண்டாம், கால் வலிக்கும்.

2

முதல் தொடக்கம்:

"காலத்தின் திரை விலகியபோது அவள் புன்னகைத்துக்கொண்டிருந் —"

அடித்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் காலத்துக்கு எப்போதும் ஒரு திரை உண்டு, அது எப்போதும் விலகும். சுவர்கள் பேசும். தூண்கள் சாட்சி சொல்லும். இத்தனை வருடமாக நான்தான் அவற்றைப் பேச வைத்துச் சம்பளம் வாங்குகிறேன். ஒரு சுவர்கூட என்னிடம் வாயைத் திறந்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்:

"1930களைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இச்சுவரோவியத்தை வரைந்தவர் யாரெனத் தெரிய —"

இதையும் பாதியில் விட்டேன். ஏனென்றால் தெரியும். வரைந்தவர் ஓங் சோ கைக். போன செவ்வாய்க்கிழமை அவரைச் சந்தையில் பார்த்தேன். கெம்போங் மீனுக்கு மீன்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

(இப்படித் தொடக்கத்திலேயே போட்டு உடைத்துவிட்டால் கதையில் என்ன மிச்சம் என்பீர்கள். யார் வரைந்தது என்பதில் கதை இல்லை. அதைப் பலகையில் போடுவதா வேண்டாமா என்பதில் இருக்கிறது.)

3

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் அலங்காரம் கிடையாது.

சோ கைக் ஆன்ட்டிக்கு அறுபது தாண்டிவிட்டது. சந்துக்குள் இருக்கும் ஒரு கடைவீட்டின் முன்னறையில் 'வீனஸ்' என்ற பெண்கள் முடியலங்காரக் கடையை முப்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். மூன்று நாற்காலி, தலைக்கு மேல் கவிழ்க்கும் மூன்று உலர்த்தி, இடுப்புயரத்துக்கும் மேலே இளஞ்சிவப்பு டைல்ஸ். கட்டடத்தின் சொந்தக்காரர்கள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறார்கள். கூரை ஒழுகி, மாடி இறங்கும் நிலைக்கு வந்தபோது எங்கள் அறக்கட்டளை பழுதுபார்க்க முன்வந்தது. வேலை முடியும்வரை ஆன்ட்டி ஆயர் ஈத்தாமில் நாத்தனாரின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். அங்கே சமையலறையில், வாணலிக்கும் பாத்திரத்தொட்டிக்கும் நடுவில் முடி சுருட்டுகிறார். வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

"வேலை முடிந்ததும் முன்னறை உங்களுக்குத்தான்" என்று எல்லாரும் அவரிடம் சொன்னோம். சொன்ன அன்று அது உண்மைதான்.

பிறகு டைல்ஸைப் பெயர்த்தார்கள். அடியில் சுண்ணாம்புப் பூச்சு, அதற்கடியில் இன்னொன்று, இன்னொன்று. எங்கள் ஆட்களுக்குப் பூச்சைக் கண்டால் கை நிற்காது. சின்னக் கத்தியால் ஏடு ஏடாகச் சுரண்டிக்கொண்டே போனார்கள். ஒன்பதாவது பூச்சுக்கு அடியில் ஒரு பெண் இருந்தாள். அலையலையான முடி, சிவந்த உதடு, அரைச் சிரிப்பு, இரண்டு காதும் முடிக்குள் மறைந்திருந்தன.

ஆலோசகர் டாக்டர் குவா வந்தார். ஒரு பூச்சுக்குப் பத்து வருடம் என்று வைத்தார். ஒன்பது பூச்சு, தொண்ணூறு வருடம். காதை மறைத்த முடி அந்தக் காலத்து நவநாகரிகப் பெண்ணின் துணிச்சலைக் காட்டுகிறது என்று எழுதினார்.* நான் அதைச் சுருக்கிச் செய்தியாக்கினேன். பத்திரிகைகளில் வந்தது. ஒரு வங்கி கண்ணாடி போட்டுக்கொடுத்து, மிச்சக் கூரைக்கும் பணம் தருவதாகச் சொன்னது. முன்னறை 'பார்வைக்கூடம்' ஆனது. ஆன்ட்டிக்கு மாடியில் பின்னறை ஒதுக்கப்பட்டது. அங்கே தண்ணீர் ஏறாது. அவருடைய வாடிக்கைக்காரிகளின் முழங்காலும் ஏறாது.

* 'துணிச்சல்' என் சொல். அவர் 'மனப்பாங்கு' என்றுதான் எழுதியிருந்தார். விற்பனைக்குத் துணிச்சல்தான் நல்லது.

4

ஆன்ட்டி சந்தை மலாயும் ஹொக்கியன் சீனமும் கலந்து பேசுவார். அதே வாய்த்துடுக்கோடு தமிழில் தர முயல்கிறேன்.

அவர் மாடியறையைப் பார்க்க வந்த அன்று நான் கீழே படமெடுப்பவருக்காகக் காத்திருந்தேன். அஞ்சடியில், அதாவது கடைவாசல் நடைபாதையில், யாரோ நிறுத்தியிருந்த மோட்டார்சைக்கிளைத் தள்ளிவைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் படங்களில் மோட்டார்சைக்கிள் இருக்கக் கூடாது. காயும் துணி, பிளாஸ்டிக் நாற்காலி, ஆட்கள், எதுவும் இருக்கக் கூடாது.

"வாணி, இவள யாரு தோண்டி எடுத்தது?"

"நிபுணருங்க, ஆன்ட்டி. கிட்டத்தட்ட நூறு வருஷமாம்."

அவர் கண்ணாடிக்கு அருகே போய் மூக்கு இடிக்கும் அளவுக்கு நின்று பார்த்தார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நூறா! அப்ப எனக்கு என்ன வயசு? கணக்குப் போட்டுச் சொல்லு லா!"

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"நான் போட்டது இது. கட தொறந்த வருஷம். போர்டு எழுதறவன் கேட்ட கூலியில வயிறு எரிஞ்சுபோச்சு. பிஸ்கட் டின் மூடியில ஒருத்தி இருந்தா, அவளப் பாத்து நானே போட்டேன்."

"ஒம்போது பூச்சுக்கு அடியில இருந்துச்சே?"

"அப்போ இருந்த வீட்டுக்காரக் கெழவரு பாத்துட்டு, பேய் மாதிரி இருக்குன்னு சுண்ணாம்பு அடிச்சுட்டாரு. அப்புறம் ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் ஒரு பூச்சு. சாமி குத்தம் வந்துருமாம், அடிக்கலன்னா. டைல்ஸ் ஒட்டுற வரைக்கும் நிறுத்தல அந்த மனுஷன்."

நான் விடவில்லை. "காது மறைஞ்சிருக்கே ஆன்ட்டி. அது அந்தக் காலத்துப் பெண்களோட —"

"எனக்குக் காது வரைய வராது" என்றார்.

5

இந்த இடத்தில் எழுதுகிறவள் தன் பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும். சந்தேகித்தேன். முன்னறை வேண்டும் என்கிற ஒருத்தி எதைத்தான் சொல்ல மாட்டாள்? படம் பழையது இல்லை என்றால் கண்ணாடி வேண்டாம். கண்ணாடி இல்லை என்றால் பார்வைக்கூடம் வேண்டாம். அறை தானாகத் திரும்பி வரும். கதை ரொம்பக் கச்சிதமாக இருக்கிறது, கச்சிதமான கதைகளை நானே நிறைய விற்றிருக்கிறேன்.

அதனால் என் பேனாவைக் கொடுத்து ஒரு பெண்முகம் வரையச் சொன்னேன். கையில் இருந்த ரொட்டிப் பையின் மேல் வரைந்தார். முடி அற்புதமாக வந்தது. மூக்கு சுமார். காது இருக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனா தயங்கியது. பிறகு ஒரு பெரிய சுருளைப் போட்டு மூடிவிட்டார்.

[திருத்தம்: மேலே நான்காம் பகுதியில் அவரைக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வைத்திருக்கிறேன். சிரித்தார்தான், ஆனால் அவ்வளவு நேரம் இல்லை. சிரிப்பு நின்றதும் மூன்று நாற்காலியும் இருந்த இடத்தைப் பார்த்தார். "நான் போட்ட பொம்பளையே என்ன வெளிய தள்ளிட்டாளே, பாத்தியா" என்றார். கண் கலங்கியிருந்தது. அப்படி ஒரு வரி வந்தால் கதை என் கையைவிட்டுப் போய்விடும் என்று முதலில் எழுதாமல் விட்டேன்.]

"வேற அத்தாட்சி ஏதாவது இருக்கா, ஆன்ட்டி?"

"உதட்டப் பாரு. செவப்புப் பெயிண்ட் தீந்துபோச்சு, அதனால நெயில் பாலிஷ் போட்டேன். ரிமூவர் தொட்டுத் தொடச்சா பஞ்சோட வந்துரும். உங்க டாக்டர் சொல்ற பழைய பெயிண்டுன்னா வராது."

"தொடச்சா உதடே போயிருமே!"

"ஆமா" என்றார் ஆன்ட்டி, மீன்காரரிடம் பேசும் அதே குரலில்.

6

எங்கள் இயக்குநர் புவான் ரொஹானா; புவான் என்றால் மலாயில் அம்மையார். அவரைக் கதையில் கெட்டவராக்கிவிட்டால் என் வேலை சுலபமாகிவிடும். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. இந்த ஊரில் இடிக்கப்படாமல் நிற்கும் பல கூரைகளுக்கு அவருடைய பிடிவாதம்தான் தூண்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது: "உனக்குத் தெரியுமா, இல்ல தோணுதா?"

"அந்த அம்மா வரைஞ்சத என் கண்ணால பாத்தேன், புவான்."

"ரொட்டிப் பை மேல."

"ஆமா. உதட்டத் தொடச்சுப் பாத்தா தெரிஞ்சுரும்."

"கண்ணாடியக் கழட்டினா கேள்வி வரும், வாணி. கேள்வி வந்தா வங்கிக்காரங்க போயிருவாங்க. பின்பக்கக் கூர இன்னும் தார்ப்பாய்ல நிக்குது. மழ வருது. அந்த அம்மாவுக்கு முன்னறையக் குடுத்துட்டு, தலையில தண்ணி ஒழுக விடணுமா?"

அவர் குரலைத் தணித்தார்.

"'வரைந்தவர் பெயர் தெரியவில்லை'ன்னு போடு. அது பொய் இல்ல. அறக்கட்டளைக்குத் தெரியாது. உனக்குத்தான தெரியும்?"

இந்த வாக்கியத்தை நான் எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். என் தொழிலை என்னைவிட அவர் நன்றாகக் கற்றிருக்கிறார்.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. திறப்பு விழா. ரிப்பன், வங்கிக்காரர், கறிபஃப். ஆன்ட்டி கூட்டத்தின் பின்னால் நின்று பலகையைப் படிக்கிறார். ஒரு கறிபஃபைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறுகிறார். (இப்படித்தான் நடக்கும். நடக்கப்போவதை எழுத நான் எதற்கு?)

முடிவு ஆ. அதே விழா. ஆன்ட்டி முன்னால் வந்து "இது நான் வரைஞ்சது" என்கிறார். அமைதி, பிறகு கைதட்டல். வங்கிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஆன்ட்டியை 'மக்கள் கலைஞர்' என்று அறிவித்து, சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு —

நிறுத்திவிட்டேன். இதை ஆன்ட்டியிடம் போனில் சொன்னபோது அவர் கத்தியது பக்கத்து மேசைக்குக் கேட்டது.

"என்ன கலைஞராக்கித் தொலச்சுராத! கண்ணாடிக்குள்ள என்னையும் வச்சுப் பூட்டிருவீங்க! எனக்கு மூணு நாற்காலி போட எடம் வேணும், ஒரு தண்ணிக் குழா வேணும். அவ்ளோதான்."

முடிவு இ. டாக்டர் குவா தவறை உணர்ந்து —

உணரவில்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒருவர் சுண்ணாம்பு அடித்திருக்க முடியுமா என்று போனில் கேட்டேன். "வருஷா வருஷம் யாருங்க வெள்ளையடிப்பாங்க?" என்றார். அவர் வீட்டில் அடிப்பதில்லை போலும்.

8

இன்று காலை. இதற்குமேல் நடந்து முடிந்தது எதுவும் இல்லை, நடந்துகொண்டிருப்பதைத்தான் எழுத முடியும்.

பலகைக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மதியத்துக்குள் வாசகம் கொடுக்காவிட்டால் விழாவுக்குப் பலகை இல்லை. நான் முன்னறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறேன். உட்பக்கம் துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஆட்கள் கோப்பி குடிக்கப் போயிருக்கிறார்கள். கண்ணாடி போட்ட பிறகு முதல் முறையாகச் சுவர்ப்பெண் காற்றுப்பட இருக்கிறாள்.

ஐம்பத்தொன்பது சொற்கள் தயார். நன்றாகவே வந்திருக்கின்றன. கடைசி வரி மட்டும் இப்படி நிற்கிறது:

வரைந்தவர்: [            ]

ஆன்ட்டி வந்தார். கையில் பெரிய பை. சீப்பு, சுருட்டுக்குழல், துண்டு எல்லாம் அதில் இருந்தன. அஞ்சடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே இழுத்து, முன்பு முதல் நாற்காலி இருந்த இடத்தில் போட்டார். பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியும் பஞ்சும் எடுத்தார். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க ரிமூவர் நெடி பரவியது. "நீயே தொடச்சுப் பாரு" என்றார்.

"நீங்களே தொடச்சிரலாமே, ஆன்ட்டி. இப்ப யாரும் இல்ல."

"நான் தொட்டா, 'கெழவி பொறாமையில நாசம் பண்ணிட்டா'ன்னு பேப்பர்ல போடுவீங்க. நீதான போடுவ? உங்க ஆபீஸ் கைதான் தொடணும்."

"கூரைக்கு வர்ற காசு நின்னுரும். மழ ஒழுகும்."

"முப்பது வருஷமா ஒழுகுச்சு. வாளி வச்சேன். மறுபடியும் வைக்கிறேன்."

"என் வேலையும் போயிரும்."

என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "அது எனக்குத் தெரியும், வாணி. அதனாலதான் கேக்குறேன், புடுங்கிக்கிட்டுப் போகல" என்றார்.

பஞ்சை நனைத்து என் கையில் வைத்தார். குளிர்ந்தது. நான் சுவர்ப்பெண்ணைப் பார்த்தேன். இத்தனைக்கும் அந்த உதடு ஒன்றுதான் அந்தப் படத்திலேயே ஒழுங்காக வந்திருந்தது.

"வாய் போயிரும், ஆன்ட்டி. உங்க படம்."

"போகட்டும். பேசத்தான் நான் இருக்கேன்ல?"

சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். மடியில் பை. அவர் அங்கே உட்கார்ந்ததும் அது மறுபடியும் கடை மாதிரி இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இந்த மருந்து சீக்கிரம் ஆவியாகிவிடும். இரண்டு கையாலும் தட்டச்சு செய்கிறவள் பஞ்சைப் பிடித்திருக்க முடியாது என்பதை நீங்கள் இதற்குள் கவனித்திருப்பீர்கள். கவனிக்காவிட்டால் இப்போது கவனியுங்கள். முதலிலிருந்தே என்னோடு இந்த அறையில் நிற்கிறீர்கள், எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். உங்களுக்கு இங்கே வேலை இல்லை, அதனால் பறிபோக வேலையும் இல்லை. பலகைக்காரர் மூன்றாவது முறையாக அழைக்கிறார். நான் எடுத்துப் பேச வேண்டும். கொஞ்சம் இந்தப் பஞ்சைப் பிடியுங்கள்.

இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.