புதன்கிழமைக் கீறல்

நகராட்சிக் கடிதம் செப்டம்பர் முதல் வாரத்தில் வந்தது. எர்மெஸ் அதை மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அது ஒன்றையேதான் சொன்னது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து மார்ச் கடைசி வரை, காலை எட்டரையிலிருந்து மாலை ஆறரை வரை, பழைய வண்டிகள் நகர எல்லைக்குள் ஓடக் கூடாது. காற்று கெட்டுப்போகிறதாம். நாற்பது வருஷம் இரும்பு உருக்கும் ஆலையில் அவர் நெஞ்சுக்குள் போன புகையைப் பற்றி எந்த நகராட்சியும் கடிதம் போட்டதில்லை.

அவருடைய வண்டி பழசுதான். ஐம்பத்திரண்டு வருஷம் ஆகிறது. இரண்டே இருக்கை, துணிக் கூரை, தரையை ஒட்டி ஓடும் சிவப்பு ஸ்பைடர் கார். வாங்கும்போது எர்மெஸுக்கு இருபத்தேழு வயது. வீடு வாங்கச் சேர்த்த காசில் இதை வாங்கினார் என்று மாமனார் இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. அந்த இரண்டு வருஷம் நிம்மதியாகத்தான் போனது. ஆலைக்கு அதில்தான் போனார். மகன் பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் கொண்டுவந்தார். ஜனவரி மாதம் பன்றி அறுத்தால் பாதிப் பன்றி அதன் டிக்கியில்தான் வீட்டுக்கு வந்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூரையைச் சுருட்டிவிட்டு, மனைவி ஆர்ஜியாவை ஏற்றிக்கொண்டு, தெற்கே மலைப் பாதையில் அரை நாள் ஓட்டுவார். குளிர்காலத்திலும் கூரை திறந்துதான் இருக்கும். ஆர்ஜியா கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

"அண்ணே, ஒரே வழிதான்," என்றான் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் லோரிஸ். "பழைய கார்க் கழகம் இருக்குல்ல, அவங்க சான்றிதழ் கொடுத்தா தடை கிடையாது. சரித்திர மதிப்புள்ள வண்டின்னு எழுதிக் கொடுப்பாங்க."

"சரித்திரமா? டயர் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு."

"டயரை யாரு பாக்கப் போறா. டாக்டர் ஸனாசின்னு ஒருத்தர், பல் டாக்டர். அவரு சொன்னா நடக்கும்."

எர்மெஸுக்குக் கழகங்கள் மேல் நம்பிக்கை கிடையாது. பல் டாக்டர்கள் மேல் சுத்தமாகக் கிடையாது. ஆனாலும் போனார்.

கழகத்தார் மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஊருக்கு வெளியே ஒரு பண்ணை உணவகத்தில் கூடுவார்கள். எர்மெஸ் போய்ச் சேர்ந்தபோது முக்கால்வாசிக் கார்கள் டிரெய்லரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மெத்தென்ற துணியில் போர்வை. ஒரு ஆள் மண்டியிட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் டயரின் பள்ளங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு எல்லோரும் வரிசையாக ஆறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நாலு மணி நேரம் சாப்பிடுவார்கள். அதற்குப் பெயர் ஊர்வலம்.

எர்மெஸின் வண்டிக் கண்ணாடியில் கோடைகாலத்துப் பூச்சிகள் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தன.

"பெரியவரே, காய்கறி லாரியெல்லாம் அந்தப் பக்கம் நிறுத்துங்க," என்றான் பிரஷ் வைத்திருந்தவன்.

"நான் ஓட்டிக்கிட்டு வந்தேன் தம்பி. நீ எதுல வந்தே?"

டாக்டர் ஸனாசி வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இன்னொருமுறை நடந்தார். பிறகு ஒரு பாயை விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் போய்விட்டார். காலிரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கால் மணி கழித்து வெளியே வந்த முகத்தைப் பார்த்து எர்மெஸ் பயந்துபோனார். மனுஷன் அழுதுவிடுவார் போலிருந்தது.

"இந்தப் பெயின்ட்டு?"

"கம்பெனி அடிச்சது."

"மறுபடி அடிக்கவே இல்லையா?"

"எதுக்கு அடிக்கணும்? சிவப்பாத்தானே இருக்கு."

"சீட்டுல இந்தச் சிகரெட் சூடு?"

"என் மச்சினன். செத்துட்டான்."

டாக்டர் டிக்கியின் விளிம்பிலிருந்த நசுங்கலைத் தடவினார். "இது ஏதாவது பந்தயத்துல பட்டதா?"

"பன்னி."

"என்னது?"

"பாதிப் பன்னி. கொக்கியோட விழுந்துச்சு."

டாக்டர் தன் நோட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்த எர்மெஸ் 'விளையாட்டு தொடர்பான சிறு விபத்து' என்று இருந்ததைப் படித்தார். திருத்தலாம் என்று வாயெடுத்தார். எவனுக்கு நஷ்டம் என்று விட்டுவிட்டார்.

"பெரியவரே, உங்களுக்குப் புரியுதா இது என்னன்னு?" டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இங்க நிக்கிறதெல்லாம் புதுசாக்கினது. பெயின்ட் புதுசு, தோல் புதுசு, குரோம் புதுசு. உங்களுது கை படாதது. பிறந்தபடியே மூப்படைஞ்சிருக்கு. இந்த மாதிரி மாகாணத்துல மூணு கூட இருக்காது. நான் படம் எடுத்துக்கறேன். நவம்பர் பதினாலாம் தேதி, சனிக்கிழமை, சான்றிதழ் கொடுக்கிற மேலிடத்துக் குழு வருது. அன்னிக்கு வண்டி இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே நிக்கணும். ஒரு கீறல் அதிகமாகவும் கூடாது, குறையவும் கூடாது. கழுவ வேணாம். துடைக்கக்கூட வேணாம்."

"பூச்சி?"

"பூச்சியும் இருக்கட்டும்."

"சரி, சான்றிதழ் வந்த பிறகு ஓட்டலாம்ல?"

பல் பிடுங்கின கையோடு மிட்டாய் கேட்ட நோயாளியைப் பார்ப்பது போல டாக்டர் அவரைப் பார்த்தார். "ஓட்டலாம். சட்டப்படி ஓட்டலாம். ஆனா சான்றிதழ் இந்த நிலைமைக்குத்தான் கொடுக்கிறது. இனிமே நீங்க சொந்தக்காரர்னு நினைக்காதீங்க. காவல்காரர்."

ஓட்டுவதற்காகக் காகிதம் கேட்டுப் போனவரைக் காவலுக்கு வைத்துவிட்டார்கள். வரும் வழியில் எர்மெஸ் மெதுவாக ஓட்டினார். எதிரே சரளைக் கல் லாரி வந்தபோது, ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஓரமாக நிறுத்தி அது போகும்வரை காத்திருந்தார். அப்படி நின்றதற்காக வீடு வரும்வரை தன்னையே திட்டிக்கொண்டார்.

அக்டோபர் முழுக்க வண்டி முற்றத்துக் கொட்டகையில் நின்றது. டாக்டர் இரண்டு தடவை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் மச்சினன் வைத்த சிகரெட் சூட்டைக் குனிந்து குனிந்து படம் பிடித்தார்கள். ஆர்ஜியா காபி கொடுத்தாள்.

"உன் தம்பி உசுரோட இருந்தப்ப யாரும் இவ்வளவு மரியாதை கொடுக்கலை," என்றார் எர்மெஸ், அவர்கள் போன பிறகு.

"நீ கொடுத்தியா?"

"இல்லை."

எர்மெஸ் காலையில் கொட்டகைக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார். முழங்கால் வலித்தது. கிளட்ச் மிதிக்கிற நாட்களில் வலிக்காத முழங்கால், மிதிக்காத நாட்களில் வலித்தது. ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னால் சிரிப்பான் என்று சொல்லவில்லை.

இதற்கிடையில் ஆர்ஜியாவுக்கு இடுப்பு ஆபரேஷனுக்குத் தேதி வந்தது. டிசம்பர் மூன்று. இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோகம் வைப்பார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதம் தாழ்வான இருக்கையில் உட்காரவே கூடாது, அதற்கு அப்புறமும் பார்த்துத்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். எர்மெஸ் விரல் விட்டு எண்ணினார். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஏப்ரலில் அவருக்கு எண்பது. லைசென்ஸுக்கு மறுபடி கண் பார்ப்பார்கள். போன தடவையே கடைசி வரிசை எழுத்துகளை அவர் ஊகித்துத்தான் சொன்னார். அதற்கு மேல் எண்ணவில்லை. சோர்வாக இருந்தது.

நவம்பர் பதினொன்று, சான் மார்த்தீனோ என்ற புனிதரின் நாள். அதையொட்டி மூன்று நாள் எங்கிருந்தோ வெயில் வரும், எல்லா வருஷமும் வரும். மலையில் புது ஒயின் திறப்பார்கள், செஸ்ட்நட் கொட்டை சுடுவார்கள். வண்டி வாங்கியதிலிருந்து எர்மெஸும் ஆர்ஜியாவும் அந்த நாளைத் தவறவிட்டதில்லை. இந்த வருஷம் அது புதன்கிழமை. குழு வருவதற்கு மூன்று நாள் முன்னால்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டின்போது ஆர்ஜியா சொன்னாள்: "நாளைக்கு வெயில்னு ரேடியோல சொல்றான்."

"சொல்லட்டும்."

"நான் ஒண்ணும் கேக்கலை. சான்றிதழ் வரட்டும்."

"வந்து? நீ டிசம்பர்ல படுத்துருவே. அதை வச்சு நான் லோரிஸையா ஏத்திக்கிட்டுப் போறது?"

"அவனுக்கு எடை ஜாஸ்தி," என்றாள் ஆர்ஜியா.

புதன்கிழமை ஏழே முக்காலுக்கு எர்மெஸ் கொட்டகையைத் திறந்தார். எட்டரைக்குள் எல்லையைத் தாண்டிவிட்டால் எவனும் கேட்க முடியாது. ஆறரைக்கு மேல் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். பேட்டரி முனகியது, இருமியது, பிடித்துக்கொண்டது. எட்டு பத்துக்கு எல்லைப் பாலத்தைத் தாண்டினார்கள். எர்மெஸ் நிறுத்தி, கூரையைச் சுருட்டினார்.

மலை ஏற ஏறப் பனிமூட்டம் கீழே போய்விட்டது. வெயில் வந்தது. மூன்றாவது கியரில் வளைவுக்குள் விட்டு, வளைவின் நடுவில் அழுத்தி, வெளியே வரும்போது எஞ்சினைக் கத்தவிட்டார். கல் தெறித்துத் தகரத்தில் அடித்தது. எங்கே பட்டது என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வளைவில் பின்பக்கம் லேசாக வழுக்கியது. ஆர்ஜியா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழவா, எனக்கு இடுப்பு ஆபரேஷன் டிசம்பர்ல. இன்னிக்கு இல்லை."

"வழுக்கலை. நான்தான் விட்டேன்."

"ஆமா, ஆமா."

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரமாக அவள் சிரித்து எர்மெஸ் பார்க்கவில்லை. அவர் மட்டும் என்ன, சிரித்தாரா.

மேலே சாப்பாட்டுக்கடை முன்னால் சரளை போட்ட இடத்தில் நிறுத்தினார். தரையோடு தரையாக இருக்கும் இருக்கையிலிருந்து ஆர்ஜியாவை எழுப்புவது பெரிய வேலை. இந்தப் பக்கம் வந்து கை கொடுப்பதற்குள் அவளே எழுந்துவிடப் பார்த்தாள். கைத்தடியை ஊன்றினாள், கதவைப் பிடித்து எம்பினாள். தடி சரளையில் வழுக்கியது. அடியில் இரும்புப் பூண் போட்ட தடி. கதவு முடியும் இடத்தில் ஆரம்பித்து, பின் மட்கார்டு மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் கீழே விழுந்தது. எர்மெஸ் ஆளைப் பிடித்துக்கொண்டார்.

இருவரும் கோட்டைப் பார்த்தார்கள். சிவப்பு போய், அடியில் வெள்ளையாக, நேராக, ஒரு கை நீளத்துக்கு இருந்தது.

"போச்சு," என்றாள் ஆர்ஜியா. "என்னால போச்சு."

"விழுந்திருந்தா இடுப்பு போயிருக்கும். உள்ள வா, பசிக்குது."

அவர்கள் செஸ்ட்நட் சாப்பிட்டார்கள். சூடான தட்டை ரொட்டிக்குள் பன்றிக் கொழுப்பு தடவிச் சாப்பிட்டார்கள். எர்மெஸ் ஓட்ட வேண்டும் என்பதால் ஒரே ஒரு தம்ளர் ஒயின். ஆர்ஜியா இரண்டு. ஆறரை வரை நேரம் போக வேண்டுமே என்று வண்டியிலேயே வெயிலில் சாய்ந்து தூங்கினார்கள். ஆர்ஜியா முதலில் கொஞ்சம் அழுதாள், பிறகு குறட்டை விட்டாள்.

சனிக்கிழமை காலை டாக்டர் ஸனாசி டிரெய்லரோடு முற்றத்துக்கு வந்தார். பகலில் தடை இருப்பதால் வண்டி தன் சக்கரத்தில் போக முடியாது. ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். போர்வையும் கொண்டுவந்திருந்தார். கொட்டகைக்குள் போனவர் நின்றுவிட்டார்.

"இது எப்ப?"

"புதன்கிழமை. என் பொண்டாட்டி. தடி."

"ஓட்டினீங்களா?"

"ஓட்டினேன்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். பிறகு எர்மெஸ் எதிர்பார்க்காத குரலில், ரகசியம் போலச் சொன்னார்: "வெளியில சொல்லாதீங்க. எனக்கு ஒரு ஆளைத் தெரியும். புதுக் கீறலைப் பழசாக்குவான். ஏதோ கறை, கொஞ்சம் மண்ணு, மெழுகு. ரெண்டு மணி நேரம். முப்பது வருஷக் கீறல் மாதிரி ஆயிடும். படத்துல வெளிச்சம் விழுந்து தெரியலைன்னு நான் சொல்லிக்கறேன். குழு மதியம்தான் வருது."

எர்மெஸ் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். ஆர்ஜியா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு சரி என்று சொன்னால் போதும். சான்றிதழ் வந்துவிடும். பகல் முழுக்க ஓட்டலாம், சட்டப்படி. கீறல் ஒவ்வொன்றுக்கும் இந்த ஆளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி அவளுக்குத் தடி கிடையாது, டாக்டர்," என்றார். "ஓடுவா. என்னைவிட வேகமா ஓடுவா."

"அதை யார் கேக்கப் போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க. டிரெய்லரைத் திருப்பிக்கங்க. வாசல் குறுகல், இடது பக்கம் பாத்து."

"யோசிங்க. மார்ச் வரைக்கும் வண்டியை வெளியவே எடுக்க முடியாது."

"எட்டரை வரைக்கும் எடுக்கலாம்ல."

"எட்டரைக்குள்ள எங்க போவீங்க இந்தக் குளிர்ல?"

எங்கே போவது என்று எர்மெஸுக்கும் தெரியாது. டாக்டர் போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். டிரெய்லர் இடது தூணில் இடித்துவிட்டுத்தான் வெளியே போனது.

திங்கள்கிழமை ஆறு மணிக்கு எழுந்தார்கள். ஆர்ஜியாவுக்கு இரண்டு ஸ்வெட்டர், தொப்பி, இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை. பனிமூட்டத்தில் பாலம் தெரியவில்லை. விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு எர்மெஸ் ஓட்டினார். கண்ணில் நீர் வழிந்தது, வயசாகிவிட்ட கண். ஒன்பதாவது வளைவுக்கு மேல் மூட்டம் முடிந்தது. சூரியன் இன்னும் கொஞ்சமாகத்தான் வந்திருந்தது. சூடு இல்லை.

"மணி ஏழு நாற்பது," என்றாள் ஆர்ஜியா. "திரும்பு. மாட்டினா அபராதம் போடுவான்."

"இன்னும் ரெண்டு வளைவு."

"ரெண்டுதான்."

எர்மெஸ் மூன்றாவது கியருக்கு இறக்கினார். முழங்கால் ஒருமுறை சுருக்கென்று வலித்துவிட்டு அடங்கியது.