முப்பத்தெட்டு வினாடிகள்

நிலக்கரி லாரி ஒன்றின் ஹாரன் சத்தம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வழக்கு. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த தன் அலுவலகத்தில், மத்தியான நேரத்தில், கோரின் டீட்ஸ் அந்தப் போலீஸ் வீடியோக்களைக் கடைசி முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வீடியோ. ஒன்று ரோந்துக் காரின் கேமராவில் பதிவானது. மற்றது போலீஸ்காரர் நெஞ்சில் மாட்டியிருந்த கேமராவில் பதிவானது. காரின் வீடியோவில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தபோது மணி இரண்டு பதின்மூன்று. நெஞ்சுக் கேமராவில் அதே லாரி, அதே ஹாரன். மணி இரண்டு பதினெட்டைத் தாண்டியிருந்தது.

ஒரு கேமராவின் கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்னால் ஓடியிருக்கிறது.

அவளுடைய கட்சிக்காரன் லோவெல் ஸ்டாம்பர், கென்டக்கி மலைப்பக்கத்தில் பழுதான வண்டிகளை இழுத்துப்போகும் லாரி ஓட்டியவன். பின்விளக்கு எரியவில்லை என்று ஒருநாள் அவனை நிறுத்திய போலீஸ்காரர், இருக்கைக்கு அடியில் துப்பாக்கி ஒன்றை எடுத்தார். இருபது வயதில் ஒரு திருட்டுக்காகத் தண்டனை பெற்றவன் லோவெல். அப்படிப்பட்டவன் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம். ஏழு வருடம் கொடுத்தார்கள். மேல்முறையீட்டுக்கு நீதிமன்றம் நியமித்த வக்கீல் கோரின்.

விளக்கு எரியாததற்கு எச்சரிக்கைச் சீட்டைக் கொடுத்துவிட்டால் போலீஸ்காரரின் வேலை முடிந்தது. அதன்பின் ஆளைக் காரணமில்லாமல் நிறுத்திவைக்கக் கூடாது. சீட்டைக் கொடுத்த பிறகும் லோவெலை ஆறு நிமிடம் நிறுத்திவைத்துத்தான் 'சரி, வண்டியைப் பாருங்க' என்று சொல்ல வைத்தார்கள் என்பது கோரினின் வாதம்; அப்படியானால் அந்தத் துப்பாக்கி சாட்சியமாகாது. மேல்முறையீட்டு மனுவின் பதினான்காம் பக்கத்தில் அந்த ஆறு நிமிடத்தைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தாள். சீட்டுக் கொடுத்த நேரத்தை ஒரு வீடியோவிலிருந்தும், அவன் சம்மதித்த நேரத்தை மற்றதிலிருந்தும் எடுத்திருந்தாள்.

இப்போது மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆறு நிமிடம் இல்லை. முப்பத்தெட்டு வினாடி.

லோவெலின் மனைவி ட்ரீனா நான்கு மணி நேரம் கார் ஓட்டி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். நாளைக்குப் போட்டுக்கொள்ள வைத்திருந்த கோட்டைக் கசங்காமல் கையில் தொங்கவிட்டபடி உள்ளே வந்தாள். கோரின் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"சரி, அந்தப் பக்கத்து வக்கீல் இதைக் கண்டுபிடிச்சிட்டாரா?" என்றாள் ட்ரீனா.

"இல்ல."

"ஜட்ஜுங்க?"

"அவங்களும் இல்லன்னுதான் நினைக்கிறேன்."

"அப்புறம் என்ன வக்கீலம்மா? வாயை மூடிட்டு இருங்க!"

"முடியாது ட்ரீனா. தப்புன்னு தெரிஞ்சப்புறம் அதையே அவங்க முன்னால சொன்னா அது பொய். இன்னிக்கே கோர்ட்டுக்கு லெட்டர் அனுப்பணும்."

ட்ரீனா எழுந்துவிட்டாள். "பொய்யா? அந்த போலீஸ்காரன் கோர்ட்ல என்னென்ன சொன்னான்னு நான் முன் வரிசைல உக்காந்து கேட்டவ. அவனை யாரு கேட்டா? உங்க பேரு கெட்டுடக் கூடாது, அதானே? அதுக்கு என் புருஷன் ஏழு வருஷம் உள்ள கிடக்கணுமா?"

"என் பேரு போறதும் உண்மைதான். பயமாத்தான் இருக்கு," என்றாள் கோரின். "ஆனா நாளைக்கு அவங்களே கண்டுபிடிச்சா நாம சொல்ற ஒரு வார்த்தையக் கூட நம்ப மாட்டாங்க."

"கண்டுபிடிக்கலைன்னா?"

கோரின் கணினியைத் தன் பக்கம் இழுத்துக் கடிதத்தைத் தொடங்கினாள். ட்ரீனா கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

நான்கு மணிக்குக் கடிதம் போனது. ஒரு பக்கம்தான். அனுப்பும் பொத்தானை அழுத்தியபின் கோரின் கொஞ்ச நேரம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு வீடியோவை மறுபடி போட்டாள். அந்த முப்பத்தெட்டு வினாடிகளை மட்டும். இதுவரை நிமிடங்களை எண்ணுவதிலேயே குறியாக இருந்துவிட்டாள். இப்போது ஆட்களைப் பார்த்தாள். போலீஸ்காரர் சீட்டை நீட்டுகிறார். லோவெல் வாங்குகிறான். "நான் போலாங்களா?" என்கிறான். பதில் இல்லை. மறுபடி கேட்கிறான். "வண்டிக்குள்ள ஒரு பார்வை பாத்துக்கலாமா?" என்கிறது போலீஸ்காரரின் குரல். காரின் கேமரா பக்கவாட்டில் காட்டுகிறது. அவர் சட்டைப் பையில் லோவெலின் லைசென்ஸ் துருத்திக்கொண்டிருக்கிறது.

லைசென்ஸ் இல்லாமல் எவன் வண்டியை எடுத்துக்கொண்டு போவான்?

மனுவில் எழுதாத வாதத்தை நாளை புதிதாகச் சொல்ல முடியாது; அதைப் பற்றி அதில் இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. இருபத்தோராம் பக்கத்தில், அடிக்குறிப்பாக, ஒரே ஒரு வரி.

காலையில் நீதிமன்றத்தில் ட்ரீனா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கோரின் பக்கம் திரும்பவில்லை. மேடையில் மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்த நீதிபதி மெரிடித் ஸ்லோனின் கையில் அந்தக் கடிதம் இருந்தது. கோரின் மேசையருகே போய் நின்றதும் பச்சை விளக்கு எரிந்தது. அவள் பேசப் பதினைந்து நிமிடம்; முடிந்ததும் சிவப்பு எரியும்.

"பதினாலாம் பக்கத்தை வாபஸ் வாங்கறீங்களா?" என்றார் ஸ்லோன்.

"ஆமாங்க. தப்பு என்னோடது. முப்பத்தெட்டு வினாடிதான்."

வலப்பக்கம் இருந்த நீதிபதி வென்ட் முன்னால் சாய்ந்தார். "முப்பத்தெட்டு வினாடில நான் ஷூ கயிறு கூட கட்டி முடிக்க மாட்டேன், வக்கீலம்மா. உங்க கேஸையே நீங்களே தூக்கிக் குடுத்துட்டீங்களே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். கோரின் திரும்பிப் பார்க்கவில்லை.

"நேரத்தைக் குடுத்துட்டேங்க. கேஸைக் குடுக்கல," என்றாள். "போலாமான்னு அவர் ரெண்டு தடவை கேட்டார். பதில் வரல. லைசென்ஸ் போலீஸ்காரர் பையில இருந்தது. ஒரு வினாடியோ ஒரு மணி நேரமோ, அவரால அங்கிருந்து நகர முடியாது. நகர முடியாதவர் சொல்ற 'சரி'யை சம்மதம்னு எடுத்துக்க முடியுமா?"

"அடிக்குறிப்பில ஒரு வரி எழுதினா அது வாதமாகிடுமா?" என்றார் வென்ட்.

"சின்னதா எழுதினேன். ஆனா எழுதினேன்."

வென்ட் விடவில்லை. கேள்விக்கு மேல் கேள்வியாக வந்தது. மஞ்சள் விளக்கு வந்தது, சிவப்பு வந்தது. கோரின் காகிதங்களை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அரசுத் தரப்பு வக்கீல் லாஃப்ளின் நிதானமான மனிதர். கடிதம் தனக்குச் சாதகமாகிவிட்ட தெம்பில் எழுந்தார். அவர் நான்கு வாக்கியம் பேசுவதற்குள் ஸ்லோன் குறுக்கிட்டார்.

"லைசென்ஸ் எங்க இருந்தது?"

"அந்த வாதத்தை அவங்க முறையா வைக்கலைங்கிறதுதான் எங்க நிலைப்பாடு..."

"நான் அதைக் கேக்கல. எங்க இருந்ததுன்னு கேட்டேன்."

லாஃப்ளின் காகிதத்தைப் புரட்டினார். பதிவில் தெளிவாக இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஒரு கணம் கோரினைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அதிகாரியோட சட்டைப் பையில."

ஸ்லோன் அதைக் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு வரப் பதினோரு வாரம் ஆயிற்று. அந்தப் பதினோரு வாரமும் ட்ரீனா ஒரு முறைகூட ஃபோன் செய்யவில்லை. சிறையிலிருந்து லோவெல் மட்டும் ஒரே ஒரு கடிதம் எழுதியிருந்தான். 'ட்ரீனா கோபத்தில் ஏதாவது சொல்லியிருந்தால் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.'

ஒரு புதன்கிழமை காலை மின்னஞ்சலில் தீர்ப்பு வந்தது. கோரின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டினாள். அது வென்டின் மாறுபட்ட தீர்ப்பு. அவளுடைய கடிதத்தை மூன்று இடத்தில் எடுத்துக்காட்டியிருந்தார். 'வக்கீலே ஒப்புக்கொண்டபடி' என்று ஆரம்பித்த வாக்கியத்தைப் படித்ததும் தோற்றுவிட்டோம் என்று நினைத்தாள். பிறகுதான் மாறுபட்ட தீர்ப்பு என்றால் மற்ற இருவரும் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள் என்பது உறைத்தது. அவசரமாக முன்னால் போனாள். இரண்டுக்கு ஒன்று. துப்பாக்கியைச் சாட்சியமாகக் கொள்ள முடியாது. தண்டனை ரத்து.

அரசு மேற்கொண்டு வழக்காடவில்லை. பத்தொன்பது மாதம் உள்ளே இருந்துவிட்டு லோவெல் வெளியே வந்தான். அன்று மாலை ட்ரீனா கூப்பிட்டாள்.

"நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நானா இருந்தா அந்த லெட்டரை அனுப்பியிருக்க மாட்டேன். இப்பவும் அனுப்ப மாட்டேன்."

"தெரியும் ட்ரீனா."

"மூணு பேர்ல இன்னும் ஒருத்தர் அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா?"

"அதை நினைக்காத நாள் இல்ல."

ஃபோனில் ட்ரீனாவுக்குப் பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும், ஓர் ஆணின் குரலும் கேட்டன.

"ஞாயித்துக்கிழமை நீங்க சாப்பிட வரணுமாம். லோவெல் பீன்ஸ் வேகவச்சு சோளரொட்டி சுடறானாம். நாலு மணி நேரம் ஓட்டணும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

கோரின் போனாள். வழக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. லோவெல் கேட்காமலே அவள் தட்டில் இரண்டாவது ரொட்டியை வைத்தான். ட்ரீனா அதைப் பார்த்துவிட்டு, வெண்ணெய்க் கிண்ணத்தைக் கோரின் பக்கம் நகர்த்தினாள்.