மட்டா அரிசித் தமிழ்

சாலைக் கடைத்தெரு கோமதிநாயகம் கடையின் மட்டா என்கிற சிவப்பரிசியைச் சாப்பிட்ட அயல்நாட்டுக்காரர்கள், அடுத்த பசி எடுக்கும் வரைக்கும் மலையாளம் கலந்த திருவனந்தபுரத்துத் தமிழ் பேசினார்கள். உள்ளூரில் அதே அரிசியைத் தின்கிறவர்களிடம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அவர்கள் ஏற்கெனவே அப்படித்தானே பேசுகிறார்கள்!

அரிசியை வாங்கிக் கப்பலேற்றியது பக்கத்து ஊரான கழக்கூட்டத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு நிவாரணச் சங்கம். அரிசி போன நாட்டில் மலைக்காரர், ஆற்றங்கரைக்காரர் என்று இரண்டு இனம். முகம் ஒன்றுபோலத்தான் இருக்கும், பேச்சுதான் வேறு. ராணுவ அரசுக்கு மலைக்காரர்களைக் கண்டால் ஆகாது. சங்கம் சோறு போடும் முகாமின் வாசலில் சிப்பாய் நின்றுகொண்டு, தண்ணீருக்கு உன் பாஷையில் என்ன பெயர் என்று கேட்பான். மலைச்சொல் வாயில் வந்தால் சோறு கிடையாது, லாரியில் ஏற்றிவிடுவார்கள். லாரியில் போன ஒருவரும் திரும்பியதில்லை, பாவிகள்!

அந்த முகாமில் சமையல் பொறுப்பு கோமதிநாயகத்தின் மகள் ஸ்ரீப்ரியாவுக்கு. வரிசையில் நிற்கிற ஜனங்களின் பசியைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் வாசலுக்கு வெளியிலேயே கஞ்சி ஊற்றினாள். குடித்துவிட்டு வந்தவர்களிடம் சிப்பாய் வழக்கமான கேள்வியைக் கேட்டான். "வெள்ளம்" என்றார்கள் அத்தனை பேரும். ஒரு கிழவர், கொஞ்சம் குடிக்கக் கேட்டு, "கொறச்சு தரணும் சாரே" என்றும் சேர்த்துக்கொண்டார். யார் எந்த இனம் என்று பிரிக்க வழியில்லாமல் லாரிகள் காலியாகத் திரும்பின.

மகள் போனில் சொன்னதைக் கேட்டு அம்மா பொன்னம்மைக்கு ஒரே ஒரு வருத்தம்தான்.

"தண்ணின்னு நல்ல தமிழ்ல சொல்லப்பிடாதாட்டி? நாகர்கோவில்ல கேட்டா நம்மளத்தான சிரிப்பாவ!"

வருஷம் ஒன்று இப்படியே போனது. பிறகு அரிசியைச் சோதிக்க அந்த அரசு ஒரு கர்னலை இங்கே அனுப்பியது. அவர் வேண்டாமென்றால் கப்பல் நிற்கும், லாரி மறுபடி நிறையும். ஸ்ரீப்ரியா போனில் அழுதாள். கர்னல் மூட்டை மூட்டையாகக் கிளறினார், ஆய்வகத்துக்கு அனுப்பினார், ஒன்றும் அகப்படவில்லை. சந்தேகம் மட்டும் போகவில்லை. மத்தியானம் கோமதிநாயகம் அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப்போனார்.

இரண்டு கவளம் உள்ளே போனதும் கர்னல் நிமிர்ந்தார்.

"எங்க அம்மை மலைக்காரியாக்கும். இதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. எங்க பாஷையில சொல்லப் பேடி, அம்புட்டு பயம்."

சொல்லிவிட்டு, இலைக்கு முன்னால் குழந்தைபோல விசும்பினார். பொன்னம்மைக்கும் கண் நிறைந்துவிட்டது.

"அதுக்கென்ன சார், இனி சொல்லலாம்லா. புளிசேரி ஊத்தட்டா?"

அரிசியில் குற்றமில்லை என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு அவர் விமானம் ஏறினார். கப்பல் இப்போதும் மாதாமாதம் போகிறது. முகாமில் இரண்டு இனமும் ஒரே வரிசையில் நிற்கிறது. யார் முந்தி வந்தது என்று அடிபிடிச் சண்டை நடக்காத நாளில்லை. சண்டை தமிழில்தான்.