மஞ்சள் தடவிய முதல் தாள்

திங்கட்கிழமை காலை தொழிலாளர் தலைவர் சேதுபதி ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு சிலுவைராஜின் அலுவலகத்துக்கு வந்தார். சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்த ஓர் அறைதான் அந்த அலுவலகம். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான அவரைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவது வழக்கம். அன்று ஒருவரும் கழற்றவில்லை. வணக்கமும் சொல்லவில்லை.

சேதுபதி ஒரு கட்டுத் தாளை மேசைமேல் வைத்தார்.

"மனு. இருநூத்திப் பதினோரு பேரு கைநாட்டு வச்சிருக்கோம். ரசீது குடுங்க."

"மனுவுக்கு ரசீது எதுக்கு, சேதுபதி?"

"போன தடவை ரசீது இல்லாமக் குடுத்தோம், சார். என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

சிலுவைராஜ் எழுதிக் கொடுத்தார். சேதுபதி அதை வாசித்துப் பார்த்து, மை காய ஊதி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர்கள் படியிறங்கும்போது யாரோ வேண்டுமென்றே காறித் துப்புகிற சத்தம் கேட்டது.

அவர்கள் அவரிடம் வந்ததே வேறு வழி இல்லாமல்தான். சட்டமன்றத்தில் ஒரு மனுவை உறுப்பினர் ஒருவர்தான் தாக்கல் செய்ய முடியும். மற்றத் தொகுதி உறுப்பினர்கள், உங்களுக்குத்தான் ஓர் உறுப்பினர் இருக்கிறாரே என்று கைவிரித்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். நாரிஸ் ரோட்டுக்குப் பின்னால் இருந்த கூலி லைனின் வரிசை வீடுகளில் அறுபத்திரண்டு குடும்பங்கள் குடியிருந்தன. எல்லாரும் ஒரே அரசாங்க இலாகாவில் தெருக் கூட்டுகிறவர்கள், சாக்கடை வெட்டுகிறவர்கள், அவர்களுடைய விதவைகள். மாதக் கடைசிக்குள் லைனைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். போக இடம் கிடையாது. மனு ஒன்று சபையின் மேசைக்கு வந்தால், புதிய சட்டமன்றம் அதை எடுத்துப் பார்க்கும்வரை யாரையும் வெளியேற்ற மாட்டோம் என்று அமைச்சர் ஒரு கேள்விக்குப் பதிலாகச் சொல்லியிருந்தார். மனு வராது என்ற தைரியத்தில் சொன்னதாக இருக்கலாம். ஆனால் சொன்னது சபைக் குறிப்பில் ஏறிவிட்டது. அந்தச் சபையோ வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அப்புறம் மேசையும் இல்லை, உறுப்பினரும் இல்லை, தேர்தல்தான்.

சிலுவைராஜை அவர்கள் வெறுத்ததற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் லைன்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, குறைகளை எழுதிப் பெயர்ப் பட்டியலோடு வாங்கித் தாருங்கள், ஒருவருக்கும் கெடுதல் வராது என்று இலாகா மேலதிகாரி ஒருவர் அவருக்கு வாக்குக் கொடுத்தார். சிலுவைராஜ் முன்பு பள்ளிக்கூட வாத்தியார். நேராகக் கண்ணைப் பார்த்துச் சொன்னால் நம்பிவிடுகிற மனிதர். அந்த வாக்கை லைனுக்குக் கொண்டுபோய்த் தன் வாக்காகச் சொன்னார். பட்டியலை வாங்கிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து நாற்பது பேருக்கு வேலை போயிற்று. பட்டியலில் முதலில் இருந்த நாற்பது பேர், எழுதியிருந்த வரிசையிலேயே.

முதல் பெயர் மாணிக்கம். வாத்தியார் கேட்கிறாரே என்று எல்லாருக்கும் முன்னால் கட்டைவிரலை நீட்டியவர். வேலை போனபின் புக்கிட் தீமா பக்கம் கட்டட வேலைக்குப் போனார். மூன்றாம் மாதம் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார்.

அதற்குப் பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் சிலுவைராஜ் ஒன்றையே சொல்லி வந்தார். வாக்குக் கொடுத்தவன் ஏமாற்றிவிட்டான், தப்பு என்னுடையதல்ல என்பார். அது பொய்யில்லை. ஆனால் உண்மைக்குப் பின்னாலும் மனிதன் ஒளிந்துகொள்ள முடியும். தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாளிட்டவர், கோபத்தையும் சோம்பலையும் பாவமாகச் சொல்லிவிட்டு, பட்டியல் விஷயத்தைச் சொல்லாமலே எழுந்து வந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை மனுவைச் சபைச் செயலகத்துக்கு எடுத்துப்போனார். அங்கே தாள்களைச் சரிபார்ப்பவர் சாகுல் ஹமீது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி முதல் தாளைப் பார்த்தார். உச்சியில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் அழகான கையெழுத்தில் கோரிக்கை. அதற்குக் கீழே பாதித் தாள் வெறுமையாகக் கிடந்தது. கைநாட்டுகள் இரண்டாம் தாளில்தான் தொடங்கின.

"இது செல்லாது, சார்," என்றார் சாகுல் ஹமீது.

கோரிக்கை எழுதிய தாளிலேயே ஒரு பெயராவது இருக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால், வேறு எதற்கோ வாங்கிய கைநாட்டுகளைக் கொண்டுவந்து இதோடு தைத்துவிட்டார்கள் என்று சொல்ல இடம் இருக்கும். புதுத் தாள் எழுதினால் இருநூற்றுப் பதினோரு பேரிடமும் மறுபடி வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அது நடக்காது.

"ஒண்ணு போதும், சார். ஆனா இந்தத் தாள்ல ஒண்ணு வேணும்," என்றவர், கட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது நினைவு வந்தவராகச் சொன்னார். "தாக்கல் பண்ற மெம்பரும் மனுவோட தலைப்புல கையெழுத்துப் போடணும். எல்லாரும் அதைச் சபைக்குள்ள நுழையறப்பதான் போடுவாங்க. கடைசி நிமிஷத்துல மனசு மாறினா வசதி பாருங்க."

மனசை மாற்றுவதற்கு ஆள் தாழ்வாரத்திலேயே காத்திருந்தார். கட்சிக் கொறடா அவர் தோளில் கைபோட்டுச் சன்னலோரம் அழைத்துப்போனார். அமைச்சர் சபையில் வாய் தவறிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றார். வேட்பாளர் பட்டியலில் சில பெயர்கள் இன்னும் பென்சிலில்தான் இருக்கின்றன என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, மனுவில்தான் பிழை இருக்கிறதாமே, அப்படியானால் தப்பு அவர்களுடையது, உங்கள் தலையில் ஒன்றும் விழாது என்றார்.

தப்பு என்னுடையதல்ல. ஒரு வருஷமாகத் தாம் சொல்லி வந்த அதே வார்த்தையை இன்னொருவர் வாயில் கேட்டபோது சிலுவைராஜுக்கு வாய் கசந்தது.

புதன்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு அவர் லைனுக்குப் போனார். கையில் மனு, சட்டைப் பையில் பேனா, ஒரு மைப்பெட்டி. வேலை முடிந்து ஆட்கள் திரும்பியிருந்தார்கள். பொதுக் குழாயடியில் தகர டின்கள் வரிசையாக நின்றன. அவரைக் கண்டதும் குழாயடிப் பேச்சு நின்றது.

"என்ன வாத்தியாரே, மிச்ச ஆளுங்க பேரும் வேணுமா?" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வெயிலில் நின்றபடியே அவர் விதியை விளக்கினார். முதல் தாளில் ஒரே ஒரு கைநாட்டு போதும் என்றார். கூட்டம் அவரைச் சுற்றி நெருங்கி நின்றது. சேதுபதி முன்னால் வந்தார். அடுத்த தேர்தலில் தானே நிற்கப் போவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

"சுழி போட்டு மஞ்சள் வச்ச தாளு அது. அதுல மைக்கையை வைப்பாங்களா? உங்களுக்கு எங்க தெரியும், நீங்க வேதக்காரரு."

"எனக்குத் தெரியாதுதான்," என்றார் சிலுவைராஜ். "ஆனா உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எனக்கும் வருது. மஞ்சள் தடவி, அதுக்கப்புறம் பேனா மையாலதானே என் பேரை எழுதிக் குடுக்கறீங்க?"

ஒவ்வொருவராகப் பார்வையை விலக்கினார்கள். சேதுபதிகூட டின்களைப் பார்த்தார். அதைக் கண்டபோதுதான் சிலுவைராஜுக்குப் புரிந்தது. மஞ்சளை அவர்கள் மனதாரத்தான் தடவியிருந்தார்கள். ஆனால் தாள் வெறுமையாக இருந்ததற்குக் காரணம் மஞ்சள் இல்லை.

குழாயடியிலிருந்து ஒரு பெண் பேசினாள். மாணிக்கத்தின் மனைவி பூவம்மா. புருஷன் இறந்தபின் அதே இலாகாவில் நாள்கூலிக்குத் தெருக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"சாமி பேரைச் சொல்லிட்டு எதுக்கு மறைக்கறீங்க? மொதப் பேரா இருக்க இங்க யாருக்கும் தைரியமில்ல. போன தடவை மொதப் பேரு யாரு? என் வீட்டுக்காரரு."

அவள் டின்னைக் குழாய்க்கு அடியிலிருந்து நகர்த்திவிட்டு, வேறு எங்கும் பார்க்காமல் அவரையே பார்த்தாள். சிலுவைராஜ் எதையோ சொல்ல வாயெடுத்தார். வாக்குக் கொடுத்தவன் என்று தொடங்கும் அந்தப் பழைய பேச்சுத்தான் முதலில் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கினார்.

"பூவம்மா, அந்தப் பட்டியலை வாங்கினது நான். குடுத்தது நான். கெடுதல் வராதுன்னு சொன்னதும் நான்தான். அவன் சொன்னான்னு இத்தனை நாளாச் சொல்லிக்கிட்டு இருந்தேன். உங்க வீட்டுக்காரரு அவனை நம்பி விரலை நீட்டல. என்னை நம்பி நீட்டினாரு. அது என் தப்பு. என்னை மன்னிக்கணும்."

பின்னாலிருந்து ஒருவர், தேர்தல் வருதில்ல, அதான் என்றார். பூவம்மா முகம் மாறவில்லை.

"அதை உங்க சாமிகிட்டச் சொல்லுங்க. எங்கிட்ட அதை வாங்கி வைக்க எடமில்ல."

அவர் தலையை ஆட்டினார். காலியாக இருந்த ஒரு டின்னைக் கவிழ்த்து, அதன்மேல் முதல் தாளை விரித்தார். பேனாவைத் திறந்து, பிள்ளையார் சுழிக்குக் கீழே, கோரிக்கைக்கு மேலே, தம் பெயரை முழுதாக எழுதிக் கையொப்பம் இட்டார். வெள்ளிக்கிழமை சபை வாசலில் போட வேண்டிய கையெழுத்து அது. இனி மனசு மாற வழியில்லை.

"மொதப் பேரு என்னது," என்றார். "நான் கேக்கறது ரெண்டாவது பேரு."

சேதுபதி குனிந்து பார்த்தார். "இதுல உங்களுக்கு என்ன நஷ்டம், சார்?"

"கட்சி சீட்டுக் குடுக்காது."

"ரொம்ப நல்லதாப் போச்சு. நாங்களும் அதைத்தானே கேட்டுக்கிட்டு இருக்கோம்."

மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை சிலுவைராஜுக்கும் உதட்டோரம் அசைந்தது. அதைப் பார்த்து அவர்கள் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். அவரோடு சேர்ந்து சிரிக்க யாருக்கும் மனமில்லை.

நேரம் போயிற்று. குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தாள் பறக்காமல் அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். அந்த இன்னொருவர் தன் விரலைப் பார்த்தார். சேதுபதி தலைவராயிற்றே, அவர் வைக்கட்டும் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். தேர்தலில் நிற்கிறவன் பெயர் மனுவில் இருக்கக் கூடாது என்று சேதுபதி சொன்னார். அப்படி ஒரு விதி இல்லை. சிலுவைராஜ் அதைச் சொல்லி அவரை எல்லார் முன்னும் தலைகுனிய வைத்திருக்கலாம். சொல்லவில்லை. சேதுபதி ஒரு கணம் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூவம்மா அதைக் கவனித்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி, அவர் பெயரிலிருந்து தள்ளி, கோரிக்கையின் கடைசி வரிக்கு நேர் கீழே வைத்தாள்.

"இது உங்களுக்காக இல்ல," என்றாள்.

"தெரியும்."

அவள் குழாயடிக்குப் போய் விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சிலுவைராஜ் தாள்களை அடுக்கிக்கொண்டு நடந்தார். தொண்டை வறண்டிருந்தது. குழாய் பக்கத்தில்தான் இருந்தது. கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் சபை கூடியது. கடைசி நாள் என்பதால் இருக்கைகள் நிறைந்திருந்தன. மனுக்களின் நேரம் வந்தபோது சிலுவைராஜ் எழுந்தார். கொறடா அவர் பக்கம் திரும்பவில்லை. பின்வரிசையில் ஒருவர், இது லைன்காரர் மனுவா, உம்முடைய தேர்தல் மனுவா என்று கேட்டார். சிலர் மேசையைத் தட்டினார்கள். சிலுவைராஜ் கோரிக்கையை வாசித்து முடித்தார். சாகுல் ஹமீது முதல் தாளைப் புரட்டிப் பார்த்தார். மஞ்சள் மூலைகளுக்கு நடுவே மேலே ஒரு பெயர், கீழே ஒரே ஒரு கைநாட்டு. தலையசைத்தார். மனு மேசைக்குப் போயிற்று. எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அமைச்சர் எழுந்து, சொன்ன சொல்லை மாற்றப் போவதில்லை என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தேநீர் இடைவேளையில் கொறடா ஒரு வரியில் செய்தியைச் சொன்னார். பென்சிலில் இருந்த அவர் பெயர் அழிக்கப்பட்டுவிட்டது.

சபை கலைந்து அவர் எம்பிரஸ் பிளேஸிலிருந்த சபைக் கட்டடத்தின் படிகளில் இறங்கியபோது, பார்வையாளர் மாடத்திலிருந்து வந்த லைன்காரர்கள் படி முழுக்க நின்றிருந்தார்கள். யாரும் வாழ்த்தவில்லை. விலகவும் இல்லை. ஒரு மனு குடுத்துட்டா பழசெல்லாம் சரியாயிடுமா என்று ஒருவர் உரக்கக் கேட்டார். சேதுபதி கூட்டத்தின் முன்னால் நின்றார். அவர் சட்டைப் பையில் அந்த ரசீது மடித்தபடி துருத்திக்கொண்டிருந்தது.

பூவம்மா இரண்டு படி ஏறி வந்தாள்.

"அந்தத் தாளைத் திருப்பிக் குடுப்பாங்களா?"

"இல்ல. அங்கேயே இருக்கும். புதுச் சபை வந்து எடுத்துப் பார்க்கும்."

"அப்ப என் பேரும் அங்கதான் இருக்கும்."

"என் பேருக்குக் கீழதான் இருக்கும், பூவம்மா. யாராவது கேட்டா மொதல்ல எங்கிட்ட வரட்டும்."

அவள் முகத்தில் இளக்கம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"வழி விடுங்க," என்றாள். "அன்னிக்கு வெயில்லயே நின்னாரு. போகட்டும்."

முதலில் யாரும் அசையவில்லை. பின் சேதுபதி ஒரு காலை எடுத்துப் பக்கத்துப் படியில் வைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவரும் நகர்ந்தார். ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி உண்டாயிற்று. சிலுவைராஜ் தலையைக் குனிந்துகொண்டு அதன் வழியே இறங்கி, ஓஃபிர் ரோட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். அன்று கோவிலில் சிலுவைப்பாதை வழிபாடு. அதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனக் கூண்டில் சாமியார் இருப்பார்.