முதல் கால் மணி நேரம்

நான் சினிமா தெரிந்தவள் இல்லை. மாதத்துக்கு ஒரு படம் பார்ப்பேன். பிடித்தால் நாலு பேரிடம் சொல்வேன், பிடிக்காவிட்டால் வீடு வந்து சேரும் வரை திட்டிக்கொண்டே வருவேன். என் தகுதி அவ்வளவுதான். ஆனால் கருத்துச் சொல்ல மட்டும் ஒருநாளும் அஞ்சியதில்லை.

சமீபத்தில் ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய படம் ஒன்று. கதாநாயகன் ஒற்றை ஆளாகக் கப்பலைக் கயிறு கட்டி இழுக்கிறான். இழுக்கட்டும், எனக்கென்ன? ஆனால் இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவனுக்குப் பெண்டாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசத் தெரியவில்லை. அதற்கு முந்தைய மாதம் ஒரு பேய்ப்படம். பேய் வருவதற்கு முன்பே இசை வந்து எல்லாரையும் பயமுறுத்திவிட்டதால் பாவம், பேய்க்கு வேலையே இல்லை. இன்னொரு படத்தில் கதை சூடு பிடிக்கிற நேரம் பார்த்து 'மீதி அடுத்த பாகத்தில்' என்று போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு கை மட்டும் வைத்துச் சட்டை தைத்துக் கொடுக்கிற தையற்காரரை யாராவது சும்மா விடுவோமா?

இதையெல்லாம் நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் சொல்வேன். வாடிக்கையாளரின் காதுக்கு ஏற்றபடி கண்ணாடிச் சட்டத்தை வளைத்துக் கொடுப்பது என் வேலை. பக்கத்து அறையில் கண் பரிசோதனை செய்பவருக்குக் கடையில் 'முதல் நாள்' என்று பெயர். எந்தப் படம் வந்தாலும் முதல் நாள், முதல் காட்சி பார்த்துவிடுவார். அவர் தீர்ப்புக்கு மேல் கடையில் அப்பீல் கிடையாது.

"அவன் ஏன் பொண்டாட்டிகிட்ட பேசலைன்னு ஆரம்பத்துலயே காட்டிட்டாங்களேம்மா. நீங்க எந்தப் படத்தைப் பார்த்தீங்க?" என்று கேட்பார். கடையே சிரிக்கும். நான் கண்ணாடியைத் துடைப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் யாரும் எந்தப் படத்தின் ஆரம்பத்தையும் பார்த்ததில்லை.

காரணம் என் வீட்டுக்காரர். தியேட்டருக்குள் வண்டி நிறுத்துவது அவருக்குப் பிடிக்காது. வெளியே வரும்போது நெரிசலில் யாராவது உரசிவிடுவார்களாம். அதனால் சுற்றியுள்ள தெருக்களில் நல்ல வெளிச்சமாக, மரம் இல்லாமல், நாய் இல்லாமல், முன்னும் பின்னும் தாராளமாக இடம் உள்ள ஓர் இடத்தைத் தேடுவார். வரன் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்கள். எங்களை முன்னால் இறக்கிவிடச் சொன்னால் முகம் வாடிவிடும்.

"குடும்பமா வந்தா குடும்பமா உள்ள போகணும். முதல்ல விளம்பரம்தானே போடுவான்?" என்பார்.

ஆகவே இருட்டில் அடுத்தவர் காலை மிதித்து, "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே நாங்கள் உட்காரும்போது கதை கால் மணி நேரம் ஓடியிருக்கும். விட்டுப்போனதை நாங்களே நிரப்பிக்கொள்வோம். அவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன், வீட்டில் 'வாலு' என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் பெண் இரண்டையும் தள்ளிவிட்டு மூன்றாவதாக ஒன்று சொல்லும். உள்ளதைச் சொன்னால் பல படங்களுக்கு எங்கள் ஆரம்பம்தான் மேல்.

இந்த லட்சணத்தில்தான் என் தம்பியின் முதல் படம் வெளியானது.

தம்பி பல வருடம் அடுத்தவர்களிடம் உதவி இயக்குநராகக் குடை பிடித்தவன். அவன் வயதுப் பையன்கள் வீடு வாங்கி, தொப்பையும் வாங்கிவிட்டார்கள். இவன் மட்டும் ஒரு வாடகை அறையில் கதை எழுதிக்கொண்டிருந்தான். அந்தக் கதையை என்னிடம்கூடச் சொன்னதில்லை. கடைசியில் ஒரு தயாரிப்பாளர் மனம் இரங்கிப் பணம் போட்டார். "இது ஓடலைன்னா எங்கிட்ட அடுத்த கதையோட வராதே" என்று சொல்லித்தான் போட்டார்.

வெளியான அன்று காலையில் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, என் படத்துக்காவது விளக்கு அணையறதுக்குள்ள போய் உட்காந்துடுங்க."

"என்னடா இப்படிக் கேக்கற? சத்தியமா போயிடுவோம்."

போகவில்லை. அன்றைக்குப் பார்த்து என் வீட்டுக்காரருக்கு வண்டி நிறுத்த ஒரு இடமும் பிடிக்கவில்லை. நான் வண்டிக்குள் கத்தினேன், வாலு கத்தியது, அவரும் பதற்றத்தில் ஒரே தெருவை மறுபடி மறுபடி சுற்றினார். உள்ளே நுழைந்தபோது வழக்கமான கால் மணி நேரம் போயிருந்தது.

திரையில் ஒரு பெண் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியேறிக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டில் ஒரு வயதான ஆள், பூட்டுப் பழுது பார்ப்பவர். அவளைத் தெரியாதவர் மாதிரி நடந்துகொள்கிறார். ஆனால் அவள் வேலைக்குப் போனதும் ரகசியமாக அவள் கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்கிறார். படிக்கட்டு விளக்கை மாற்றுகிறார். அவள் திரும்பி வரும் வரை சன்னலை விட்டு நகர்வதில்லை. யார் இந்த மனிதர்? எனக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

"கண்டிப்பா போலீஸ். வேவு பாக்கறான்" என்றார் என் வீட்டுக்காரர் இடைவேளையில்.

"அவர் உயிரோடவே இல்லப்பா. பேய்" என்றது வாலு.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. அவளோட அம்மாவைக் காதலிச்சவன்" என்றேன் நான்.

பக்கத்து இருக்கைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். இவர்களுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டதோ என்ற பார்வை அது. அப்போது எனக்கு அர்த்தம் விளங்கவில்லை.

படத்தின் கடைசியில் அவள் சாமான்களை ஏற்றிக்கொண்டு வீட்டைக் காலி செய்கிறாள். வாசல் வரை போய், திரும்பி, கீழ் வீட்டுச் சன்னலைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்கிறாள். "அப்பா." அவ்வளவுதான். எனக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை பொங்கி வந்தது. போலீஸ் என்று சாதித்த மனிதர் என் முந்தானையை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாலு விசும்பியது. ஆனால் கூட்டமோ பையைத் தேடிக்கொண்டிருந்தது, ஒருவர் கொட்டாவி விட்டார். என்ன கல் நெஞ்சுக்காரர்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இரவு தம்பி கேட்டான், "ஆரம்பத்துலேருந்து பாத்தியா அக்கா?"

"பாத்தேன்டா. பிரமாதம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

திங்கட்கிழமை கடையில் 'முதல் நாள்' தீர்ப்பு வழங்கினார். அது என் தம்பி படம் என்று அவருக்குத் தெரியாது.

"கால் மணி நேரத்துல படம் முடிஞ்சுபோச்சு. அந்த ஆள்தான் அப்பன், சின்ன வயசுல விட்டுட்டுப் போனவன்னு முதல்லயே காட்டிடறாங்க. அதுக்கப்புறம் அவ எப்ப அப்பான்னு கூப்பிடுவான்னு ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கணுமா? வெள்ளிக்கிழமை தூக்கிடுவாங்க பாருங்க."

என் கையிலிருந்த கண்ணாடிச் சட்டம் வளைந்த கோலத்தில் நின்றுவிட்டது. முதலிலேயே காட்டிவிடுகிறார்களா? அப்படியானால் அந்தத் தியேட்டரில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. தெரியாத மூன்று பேர் நாங்கள்தான். அழுத மூன்று பேரும் நாங்கள்தான்.

அன்று மாலை தம்பியின் அறைக்குப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வெள்ளிக்கிழமையோடு படத்தை எடுத்துவிடப் போவதாகத் தயாரிப்பாளர் சொல்லிவிட்டாராம். குரலில் சத்தமே இல்லை. வேறு ஏதாவது வேலை பார்த்துக்கொள்கிறேன் என்றான். எனக்கு அவனை உலுக்க வேண்டும் போலவும், மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"எழுந்திருடா. ஒண்ணு சொல்லணும். நாங்க ஆரம்பத்தைப் பாக்கல."

எழுந்து உட்கார்ந்தான். "என் படத்துக்குமா அக்கா?"

"உன் படத்துக்கும்தான். அப்புறம் திட்டு. இப்ப கேளு. அந்த ஆள் யாருன்னு தெரியாமத்தான் நாங்க பாத்தோம். படம் பூரா சண்டை போட்டோம். உங்க மாமா கடைசியில ஓன்னு அழுதார்டா! கல்யாணத்தன்னைக்கு அவங்க அம்மா அழுதப்பகூட அழாத மனுஷன். அந்த ஆரம்பத்தை எடுத்துடு."

"முடியாது."

"ஏன்?"

அவன் கணினியைத் திறந்து அந்தக் கால் மணி நேரத்தைப் போட்டுக் காட்டினான்.

ஒரு சின்ன அறை. அந்தப் பூட்டுக்காரர்தான், இளவயதில், தரையில் உட்கார்ந்து இரண்டு ஜோடி பள்ளி ஷூக்களுக்குப் பாலிஷ் போடுகிறார். பெரியது ஒன்று, சிறியது ஒன்று. குழந்தைகள் தூங்குகிறார்கள். அவர் ஷூக்களைக் கதவோரம் நேராக வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். காலையில் அந்தச் சிறுமி பளபளக்கும் ஷூவைப் போட்டுக்கொண்டு, "அப்பா எங்க?" என்று வீடு முழுக்கத் தேடுகிறாள்.

அந்தச் சிறுமி நான். சின்ன ஷூ தம்பியுடையது. வேலை தேடிப் போகிறேன் என்று போன எங்கள் அப்பா திரும்பி வரவே இல்லை. அன்றைக்குத் தம்பிக்கு ஒன்றும் புரியாத வயது. ஷூவைப் பற்றி அவனுக்குச் சொன்னதே நான்தான், எப்போதோ ஒருமுறை. அதை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்.

"இதுக்காகத்தான் அக்கா படமே எடுத்தேன்" என்றான்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"ரொம்ப நல்லா எடுத்திருக்க. எடுத்துடு."

"அக்கா!"

"இதைப் பாத்தவங்களுக்கு அவர் யாருன்னு தெரியும்டா. நமக்குத் தெரிஞ்சா இருந்துது? கதவு தட்டற சத்தம் கேட்டா அவரா இருக்குமோன்னு ஓடினோம். தெருவுல யாரு நம்மளக் கொஞ்ச நேரம் பாத்தாலும் அவரா இருக்குமோன்னு பாத்தோம். அந்தத் தவிப்பு இருக்கே, அது நீ இதை வெட்டினாத்தான் அவங்களுக்கு வரும்."

"ஓடிட்டிருக்கிற படத்தை வெட்டினா தோத்துட்டான்னு சொல்வாங்க."

"இப்ப மட்டும் என்ன, தோள்ல தூக்கி வச்சா சுத்தறாங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு தயாரிப்பாளர் வீட்டுக்குக் கிளம்பினான். போகிற படத்துக்கு என்ன வந்தால் என்ன என்று அவரும் தலையாட்டிவிட்டாராம். ஆரம்பம் இல்லாத பிரதி புதன்கிழமை எல்லாத் தியேட்டர்களுக்கும் போனது.

புதன்கிழமை கூட்டம் இல்லை. வியாழக்கிழமை கொஞ்சம் இருந்தது. ஆனால் வந்தவர்கள் வெளியே போய்ச் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, கண்ணாடி வாங்க வந்த இரண்டு பெண்கள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தே அடித்துக்கொண்டார்கள். "அவன் கொலைகாரன்னுதான் நான் நினைச்சேன்" என்றாள் ஒருத்தி. "ச்சீ, அந்த முகத்தைப் பாத்தா கொலைகாரன் மாதிரியா இருக்கு?" என்றாள் மற்றவள். 'முதல் நாள்' உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"அது அப்பன்னு முதல்லயே..."

"ஐயோ, சொல்லாதீங்க! பக்கத்துல இருக்கிறவங்க இன்னும் பாக்கல" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அவர் வாயை அடைத்தார்கள். கடையில் அவரை ஒருவர் அடக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த நிமிடம் எனக்கு இருந்த மகிழ்ச்சியை மறைக்க நான் கொஞ்சமும் முயலவில்லை.

"அது என் தம்பி படம் சார். மறுபடியும் போய்ப் பாருங்க" என்றேன்.

படத்தைத் தூக்கவில்லை. சனிக்கிழமை மாலை தம்பியை இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். ஒரே ஒரு இடம்கூடக் காலியில்லை. நாங்கள் இருவரும் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றோம். இடைவேளையில் எங்களைச் சுற்றி ஒரே சத்தம். கணவன் மனைவியிடம் பந்தயம் கட்டினான், கல்லூரிப் பெண்கள் கும்பலாக நின்று வாதாடினார்கள். தம்பி ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கை என் கையைப் பிடித்திருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. அவள் வாசல் வரை போனாள். திரும்பினாள்.

"அப்பா."

இந்த முறை யாரும் பையைத் தேடவில்லை. பிறகு எங்கோ முன் வரிசையில் யாரோ ஒரு விம்மலை அடக்கமாட்டாமல் விட்டார்கள். அதன் பின் கைதட்டல். நாலு பேர் தட்டி, நாற்பது பேர் தட்டி, தியேட்டர் முழுக்க எழுந்து நின்று தட்டியது. கப்பலை இழுத்தவனுக்குக்கூட இப்படி யாரும் எழுந்து நிற்கவில்லை. தம்பி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

விளக்குகள் எரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த ஒரு பெண்மணி, பார்த்த முதல் ஆள் நான்தான் என்பதால் என்னையே பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆள் அப்பான்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுதாங்க?"

"தெரியலைங்க. சின்ன வயசுலேருந்து தேடிக்கிட்டேதான் இருந்தேன்" என்றேன். அவருக்கு அது விளங்கியிருக்காது. பரவாயில்லை. "ஆனா இந்தப் படத்தை எடுத்தது யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

தரையில் கிடந்தவனைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். வெளியேறும் கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"இதோ, இவன்தான்! எங்க அப்பாவோட மகன்!"