ஏழாவது அசைவு

பந்துக்குப் பின்னால் போய் நிற்பது ஒன்று. தூரத்துக் கொடியைப் பார்த்து, அதே நேர்க்கோட்டில் பந்துக்கு இரண்டு சாண் முன்னால் ஒரு புல்லையோ காய்ந்த இலையையோ குறித்துக்கொள்வது இரண்டு. மட்டையின் முகத்தை அந்த அடையாளத்துக்கு நேராக வைப்பது மூன்று. கால்களை ஊன்றுவது நான்கு. மட்டையை மெல்ல இரண்டு முறை ஆட்டிப் பார்ப்பது ஐந்து. கடைசியாக ஒருமுறை கொடியைப் பார்ப்பது ஆறு. அப்புறம் அடி.

இந்த ஆறையும் அவள் எட்டு மாதமாகப் பழகி வந்தாள். தையல் கடையில் முப்பது ஆண்டுகளாகத் துணி வெட்டுகிறவள். ஒரு காரியத்தை வரிசை பிசகாமல் செய்ய அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையில் வைத்த ‘கத்திரி’ என்ற பட்டப்பெயர் கோல்ஃப் மைதானம்வரை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வரிசை பிசகவில்லை. ஆனாலும் பத்துக்கு ஆறு பந்து வலப்பக்கமாகப் போய்த் தொலைந்தது.

அதற்குக் காரணம் கண்டுபிடித்தவள் நாத்தனார். பயிற்சித் திடலின் பெஞ்சில் உட்கார்ந்து, செல்போனில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, இங்க வாங்க. அடிக்கறதுக்கு முன்னாடி கடைசியா எங்க பாக்கறீங்க?”

“கொடியைத்தான்.”

“கொடிக்கு மீசை எப்ப முளைச்சுது?”

வீடியோவில், கொடியைப் பார்த்து முடித்ததும் அவள் தலை ஒரு நொடி வலப்பக்கம் திரும்பியது. அங்கே கைகளைக் கட்டிக்கொண்டு, பல் டாக்டரான அவள் கணவர் நின்றிருந்தார். அவர் தலையாட்டினார். அதன் பிறகே அவள் அடித்தாள். தலை திரும்பியபோது தோளும் கூடவே போய்விட்டது. பந்து போகாமல் என்ன செய்யும்? ஒன்பது வீடியோக்கள். ஒன்பது பார்வை, ஒன்பது தலையாட்டல்.

“பல் டாக்டர் கிட்ட வாயைத் திறக்கலாம். மட்டையைத் தூக்கவுமா உத்தரவு கேக்கணும்?” என்று நாத்தனார் சிரித்தாள்.

அவளால் சிரிக்க முடியவில்லை. முதுகில் கிழிந்த ரவிக்கையோடு நாளெல்லாம் தெருவில் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து தெரிந்துகொண்டதுபோல் இருந்தது. இது எப்போது வந்தது? திரைச்சீலைக்கு நிறம் தேர்ந்தெடுத்தபோதா? மகளின் பள்ளியில் ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் முன்பா? அவர் ஒருநாளும் அதட்டியதில்லை, என்னைக் கேட்டுச் செய் என்று சொன்னதில்லை. அதுதான் அவளை உறுத்தியது. அவர் கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். கேட்காமலே கொடுத்ததை யாரிடமிருந்து திரும்ப வாங்குவது?

வரும் சனிக்கிழமை கிளப்பில் அவளுக்குத் தேர்வு. செயலாளர் பார்க்க, மூன்று குழிகளை இருபது அடிகளுக்குள் முடித்தால் தனியாக விளையாட அனுமதி அட்டை கிடைக்கும். அதுவரை யாராவது உறுப்பினர் கூடவே வர வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறப்பதில்லை. அந்த ஒரு காலை முழுக்கத் தனியாக மைதானத்தில் நடக்க வேண்டும் என்று அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

“சனிக்கிழமை அண்ணனை வீட்டுலயே கட்டிப் போட்டுடறேன், கவலைப்படாதீங்க.”

“வேணாம். வரட்டும்.”

“உங்களுக்கென்ன பைத்தியமா?”

“அவர் இல்லாதப்ப திரும்பாம இருக்கறது என்ன பெரிய விஷயம்?”

சனிக்கிழமை முதல் இரண்டு குழிகளுக்குப் பதினைந்து அடிகள் ஆயின. நாத்தனாரோடு வலப்பக்கம் நின்ற கணவரை இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டாள். மீதி ஐந்து. மூன்றாவது குழிக்குக் குறுக்கே குளம். பந்து தண்ணீரில் விழுந்தால் கதை முடிந்தது.

பின்னால் நின்றாள். காய்ந்த இலை ஒன்றைக் குறித்துக்கொண்டாள். மட்டை, கால், ஆட்டம், கொடி. ஆறு முடிந்தது. கழுத்தை யாரோ நூல் கட்டி வலப்பக்கம் இழுத்தார்கள். அவள் மட்டையை எடுத்துக்கொண்டு பந்தை விட்டு விலகினாள்.

“என்னாச்சும்மா?” செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல சார். முதல்லேர்ந்து ஆரம்பிக்கறேன்.”

மறுபடி இலை, மட்டை, கால், ஆட்டம், கொடி. பார்வையை விட்டுவிட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள். விட்ட இடம் வெறுமையாக வாய் பிளந்து கிடக்கும் என்று தெரியவில்லை. வெட்டும் மேஜையில் இந்த இடத்தில் என்ன செய்வேன்? இன்னொரு முழம் கிடைக்காத பட்டின்மேல் கத்திரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு யார் முகத்தைப் பார்த்திருக்கிறேன்? யார் முகத்தையும் இல்லை. மூச்சை விடுவேன். அவ்வளவுதான்.

மூச்சை விட்டாள். அடித்தாள்.

பந்து அழகாக ஒன்றும் பறக்கவில்லை. தாழ்வாகப் போய், குளத்தின் அக்கரையில் விழுந்து, தண்ணீருக்கு நாலடி தள்ளிச் சேற்றுப் புல்லில் நின்றது. ஆனால் நேராகப் போயிருந்தது.

“நான் தலையே ஆட்டல, அதுக்குள்ள அடிச்சுட்டா,” என்றார் கணவர் தங்கையிடம். அந்தக் குரலில் கோபமில்லை. கைகுலுக்க நீட்டிய கையை யாரும் கவனிக்காதபோது அதை எங்கே வைத்துக்கொள்வது என்று திகைப்பவரின் குரல். அவரும் எட்டு மாதமாக ஒன்றைப் பழகி வந்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

“கழுத்துக்கு லீவு குடுண்ணா,” என்றாள் நாத்தனார்.

இன்னும் மூன்று அடிகளில் பந்து குழிக்குள் விழுந்தது. மொத்தம் பத்தொன்பது. செயலாளர் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் வழியில், காரைச் சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டுக் கணவர் கேட்டார். “செவ்வாய்க்கிழமை காலைல கிளினிக்கைத் தள்ளி வச்சுட்டு நானும் வரட்டுமா?”

அவள் அவர் பக்கம் திரும்பினாள். அவர் மீசையில் நரை கூடியிருந்தது. நெற்றி வெயில் பட்டுச் சிவந்திருந்தது. அந்த முகத்தை அவள் ஆற அமரப் பார்த்தாள்.

“வேண்டாங்க,” என்றாள். “ஞாயித்துக்கிழமை சேர்ந்து போகலாம்.”

விளக்கு பச்சையானதும், அவர் வழக்கம்போல மெல்லத் தலையாட்டினார். அதற்குள் அவள் சாலையைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.